கவனக்குறைவு, வயது எட்டரை

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தொடக்கப் பள்ளி.
பழுதான நகல் இயந்திரத்தை ஓரம் தள்ளி
எனக்கொரு மேசை போட்டிருக்கிறார்கள்,
மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கு.
இன்று பதினொரு பெயர்கள். நான்காவது
கவெஷன் படையாச்சி.
வகுப்பாசிரியையின் சிவப்பு மை சொல்கிறது:
"கவனமே இல்லை. மாத்திரை தேவைப்படலாம்."

ஏழு, இரண்டு, ஒன்பது. திருப்பிச் சொல் என்கிறேன்.
ஏழு என்று தொடங்கி ஜன்னலைப் பார்க்கிறான்.
கட்டைகளைத் தருகிறேன்.
இரண்டை அடுக்கிவிட்டுக் கதவைப் பார்க்கிறான்.
கடிகாரம் ஓடுகிறது. பூஜ்யம். மறுபடி பூஜ்யம்.
நான் பென்சில் சீவும்போது சொன்னான்:
"மேம், உங்க வாழைப்பழத்தைப் பைக்குள்ள வைங்க."
ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள்
கம்பிக்குள் ஒரு சாம்பல் கை நுழைந்து
பழத்தையும் என் சிவப்புக் கட்டை ஒன்றையும்
கொண்டுபோனது.

"கூரைல மூணு குரங்கு. ரொம்ப நேரமா நடக்குது.
ஒண்ணுக்குக் கால் சரியில்ல."

எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

வேறென்ன கேட்கிறது உனக்கு?
கண்ணை மூடிக்கொண்டான்.
கழிப்பறைக் குழாய் ஒழுகுவது,
தலைமையாசிரியர் ஃபோனில் பொய்யாகச் சிரிப்பது,
ஹடீடா கத்தப்போவது.
கத்தியது.

ராத்திரியில்?

"மொதல்ல கேட் உருளும். அப்புறம் கார். அப்புறம் நாய்.
நாய் மொதல்ல குரைச்சா
அது அப்பா இல்ல."

மார்ச் மாதம் அவன் அப்பாவின் காரை
வீட்டு வாசலிலேயே துப்பாக்கி காட்டிப் பறித்தார்கள்.
காரோடு போயிற்றே, உயிரோடு போகவில்லையே என்று
அக்கம்பக்கம் கற்பூரம் ஏற்றியது.
மாடி ஜன்னலில் ஒருவன் நின்றிருந்ததை
யாரும் விசாரிக்கவில்லை.

கவனம் இல்லாதவனா இவன்?
சம்பளம் வந்த அன்றே கடன்காரனுக்குப் போவதுபோல
அத்தனையும் இரவிலேயே செலவாகிவிடுகிறது.
ஏழு, இரண்டு, ஒன்பதுக்குக் கொடுக்கக்
காலையில் கையில் சில்லறை இல்லை.
(நானும் கேட்டைக் கேட்டுத் தூங்குகிறவள்தான்,
இரண்டு பட்டம் வாங்கிய பிறகும்.)

வனேஷ்ரீ கடைச் சீருடையோடு வந்தாள்,
பெயர்ப் பட்டையைக் கழற்ற மறந்து.
"எவ்வளவு மார்க்? மூளை கம்மியா?"
அந்த நாளைப் பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை என்றாள்,
அவன் மறந்துவிடட்டும் என்று.
என்னிடம் அச்சடித்த ஆலோசனைகள் பதினான்கு உண்டு.
தாளைத் திருப்பி வைத்தேன்.
"டெவன் இரவு வேலை முடிந்து வந்ததும்
பிள்ளையின் பாதத்தைத் தொட்டுச் சொல்லட்டும்:
வந்துட்டேன். இனி என் டியூட்டி."
"தூங்குறவனை எழுப்பியா?"
"அவன் தூங்குவதில்லை, வனேஷ்ரீ."

அவள் வெகுநேரம்
அந்தப் பெயர்ப் பட்டையின் ஊசியைத்
திறந்து திறந்து மூடினாள்.

ஆறு வாரம் கழித்து ஜூன், குளிர்.
எழுத்துக்கூட்டலில் இன்னும் பத்துக்கு நான்கு.
சிவப்பு மையில் புதுப் புகார்:
"இப்போது வகுப்பில் தூங்குகிறான்."
என் மேசைக்கு வந்தான்.
பறிபோன கட்டைக்குப் பதில் ஓர் அழிரப்பர் வைத்திருந்தேன்,
பார்த்துச் சிரித்தான்.
ஏழு இரண்டு ஒன்பது என்றான். கொட்டாவி.
நான்கு கட்டைகள் அடுக்கி, ஐந்தாவது கையிலிருக்கவே
தலை மேசையில் சாய்ந்தது.

கூரையில் ஏதோ நடந்தது, நொண்டி நொண்டி.
இந்த முறை எனக்குக் கேட்டது.
அவன் காது திரும்பவில்லை.

கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கிறேன்.
அடுத்த பெயர் கதவுக்கு வெளியே
பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.
அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும்,
"முடிக்கவில்லை" என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
இதற்கு இல்லை.